சும்மா படம் எடுக்கக் கட்டுப்படியாகும் கலர் ஃபிலிம் எது?

வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. கையில் பென்டாக்ஸ் கே1000 ஒன்று இருக்கிறது, 50 மி.மீ. எஃப்/2 லென்ஸோடு. புது பேட்டரி போட்டு, வெளிச்சம் அளக்கும் மீட்டரைப் பார்த்துவிட்டேன், நன்றாக வேலை செய்கிறது. தொழிலுக்காக அல்ல. வீட்டு மனிதர்கள், தெரு, சந்தை, எப்போதாவது ஒரு திருவிழா, அவ்வளவுதான். மாதம் ஒரு ரோல் ஓட்டலாம் என்று எண்ணம். கலர்தான் வேண்டும்.

கோடாக் கலர்பிளஸ் 200, கோல்டு 200, அல்ட்ராமேக்ஸ் 400, புரோ இமேஜ் 100 என்று நாலைந்து கண்ணில் படுகின்றன. கோடாக்கின் விலை கூடிய போர்ட்ரா எனக்குக் கட்டுப்படியாகாது. சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றி விற்பதும் மலிவாகக் கிடைக்கிறது. எதை எடுத்தால் கையைக் கடிக்காது? ஊர் மதுரை, வெயிலையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கறுப்புப்பெட்டி

ரோல் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பேச்சுக்கு ரோல் 900 ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,400. 36 படத்துக்குப் பிரித்தால் படம் ஒன்றுக்கு 39 ரூபாய். இன்னொரு ரோல் 150 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்றால் படத்துக்கு நாலு ரூபாய்தான் மிச்சம். ஆனால் அந்த மலிவு ரோலில் பத்துப் படம் வீணாகிப் போனால், தேறிய 26 படத்துக்குத் தலா 48 ரூபாய் ஆகிவிடும். ஆகவே எந்த ஃபிலிம் உங்களுக்கு அதிகப் படம் தேற்றிக் கொடுக்கும் என்று பாருங்கள். இதே காரணத்துக்காக 24 படச் சுருளும் வேண்டாம். கழுவும் கூலி பெரும்பாலான இடங்களில் ஒன்றுதான்.

நீங்கள் சொன்ன நாலில் என் முதல் தேர்வு கோல்டு 200. மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் தூக்கலாக வரும். நம் ஆட்களின் தோல் நிறத்துக்கு, முக்கியமாக மாலை நாலு மணிக்கு மேல் வரும் வெளிச்சத்தில், அது அழகாகப் பொருந்துகிறது. கலர்பிளஸ் 200 அதைவிடச் சற்று அடக்கமான நிறம், கிரெய்ன் (படத்தில் மணல்மணலாகத் தெரியும் பொடி) கொஞ்சம் கூடுதல். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கலர்பிளஸ் வாங்குங்கள், ஒரு குறையும் இல்லை.

அல்ட்ராமேக்ஸ் 400 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபிலிம் பெயரில் உள்ள எண் அதன் வேகம், அதாவது ஐஎஸ்ஓ. எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். உங்கள் கேமராவில் ஷட்டர் 1/1000 வினாடி வரைதான். உச்சி வெயிலில் 400 ஃபிலிம் போட்டால் லென்ஸ் திறப்பைச் சுருக்கி 1/1000-க்கு எஃப்/11 வைக்க வேண்டும் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறியது). பின்னணியை மங்கலாக்கி ஒரு முகத்தை மட்டும் எடுக்க நினைத்தால் வழியே இல்லை. 200 ஃபிலிமில் அதே வெயிலுக்கு எஃப்/8, 100 ஃபிலிமில் எஃப்/5.6. நம் ஊரில் பகலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. 400 இங்கே சாயங்காலத்துக்குத்தான்.

பினாங்கு_தமிழன்

புரோ இமேஜ் 100-ஐ யாரும் விட்டுவிடாதீர்கள். 1990-களின் பின்பாதியில் ஆசியாவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் என்றே கோடாக் கொண்டுவந்த ஃபிலிம் அது. ஐரோப்பாவில் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்தது 2018 வாக்கில்தான். திருமணம், மனிதர்கள் எடுப்பவர்களுக்காகச் செய்தது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊரில் குளிர்பெட்டி இல்லாமல் சாதாரண அறையில் வைக்கலாம் என்று கோடாக்கே சொல்கிறது. எங்கள் ஊரிலும் உங்கள் ஊரிலும் அது சின்ன விஷயம் இல்லை. கடைக்காரர் அலமாரியில் எத்தனை மாதம் கிடந்தது என்று நமக்குத் தெரியாதே.

தோல் நிறம் கோல்டைவிட இயல்பாக இருக்கும், மஞ்சள் ஏறாது. ஐந்து ரோல் பெட்டியாக வாங்கினால் ரோலுக்கு விலை கொஞ்சம் இறங்கும். வீட்டுக்குள் எடுக்க மட்டும் 100 போதாது, ஃபிளாஷ் வேண்டும்.

கிண்டிவாசி

சினிமா ஃபிலிம் பற்றி நான் சொல்கிறேன். கோடாக் விஷன்3 250டி (250D) பகல் வெளிச்சத்துக்கு, 500டி (500T) மஞ்சள் விளக்குக்கு. 500டி-யைப் பகலில் எடுத்தால் 85 என்ற ஆரஞ்சு ஃபில்டர் போட்டு ஐஎஸ்ஓ 320 என்று வைக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் நீலம். நிழலிலும் வெயிலிலும் ஒரே நேரத்தில் விவரம் தாங்குவதில் இதற்கு இணையான கடை ஃபிலிம் இல்லை. 400 அடி டப்பா ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் 70 ரோலுக்கு மேல் சுற்றலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், மிகவும் திருப்தி.

பழைய_மினிலேப்

கிண்டி தம்பி, ஃபிலிம் நல்ல ஃபிலிம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவருக்குச் சொல்லும்போது முழுதாகச் சொல்ல வேண்டும்.

சாதாரணக் கலர் நெகட்டிவைக் கழுவுவது சி-41 முறை. சினிமா நெகட்டிவுக்கு ஈசிஎன்-2. டெவலப்பர் மருந்தே வேறு. அதுபோக, அந்த ஃபிலிமின் முதுகில் ரெம்ஜெட் என்று கரிப்பூச்சு ஒன்று உண்டு. அதை முதலில் கரைத்து எடுத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். தெரியாமல் மினிலேப் மெஷினில் (கடைகளில் ஃபிலிம் கழுவும் தானியங்கி) விட்டால் கரி பிரிந்து மருந்தில் கலக்கும். ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒருவர் கரிமூட்டையைக் கொட்டிய மாதிரிதான். அன்றைக்கு அந்த மெஷினில் போன அத்தனை பேர் ஃபிலிமிலும் அழுக்கு ஒட்டும். நான் லேப் நடத்திய காலத்தில் பெட்டியில் பெயர் இல்லாத ரோல் வந்தால் ஃபிலிமின் நாக்கை (டப்பாவுக்கு வெளியே நீட்டியிருக்கும் நுனியை) எட்டிப் பார்த்து, பின்பக்கம் கறுப்பாகத் தடவினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது கோடாக் விஷன்3-ஐ ரெம்ஜெட் இல்லாமல் வேறு அடுக்கு வைத்துச் செய்ய ஆரம்பித்திருக்கிறது, 2025-இல் வந்த மாற்றம். ஆனால் மருந்து அதே ஈசிஎன்-2தான். சி-41-இல் போட்டாலும் படம் வரும். கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு) ஏறி நிறம் ஒரு பக்கம் சாயும். கையில் எந்தக் காலத்து ஃபிலிம் இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, லேபில் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

மதுரைத் தம்பிக்கு: கழுவ எங்கே கொடுக்கப் போகிறீர்கள்? அதை முடிவு செய்துவிட்டு ஃபிலிம் வாங்குங்கள்.

கிண்டிவாசி

நியாயம் அண்ணா. நான் வீட்டிலேயே சோடா உப்புத் தண்ணீரில் ரெம்ஜெட்டைக் கழற்றிக் கழுவுகிறேன், அதனால்தான் எனக்கு மலிவு. லேபை நம்பி இருப்பவருக்கு அந்த மிச்சம் வராது, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிச் சுற்றிய ரோல்களில் பெரும்பாலும் டிஎக்ஸ் குறி இருக்காது. டப்பாவின் மேல் வெள்ளியும் கறுப்புமாகக் கட்டங்கள் இருக்குமே, தானியங்கிக் கேமரா அதைப் படித்துத்தான் ஃபிலிம் வேகத்தை எடுத்துக்கொள்ளும். குறி இல்லாவிட்டால் பல கேமராக்கள் 100 என்று வைத்துக்கொள்ளும். கே1000-இல் நாமே திருகி வைப்பதால் அந்தக் கவலை இல்லை.

மழைக்காலம்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது யாஷிகா எம்எஃப்-2, அப்பாவுடையது. ஃபோகஸ் செய்ய எதுவும் இல்லை, உள்ளேயே ஃபிளாஷ். இதற்கும் கோல்டு 200 தானா?

கறுப்புப்பெட்டி

உங்களுக்கு நான் சொல்வது வேறு, தோழி. அந்த மாதிரிக் கேமராவில் ஷட்டரையும் லென்ஸ் திறப்பையும் நாம் அதிகம் மாற்ற முடியாது. நிழல், வராண்டா, மேகமூட்டம் என்று போகும்போது வெளிச்சம் குறைந்துவிடும், அதை ஈடுகட்ட வழியில்லை. அதனால் அல்ட்ராமேக்ஸ் 400 போடுங்கள். வெயிலில் கூடுதலாக வெளிச்சம் விழுந்தாலும் கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் வரை முகம் சுளிக்காமல் தாங்கும் (ஒரு ஸ்டாப் கூடுதல் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). குறைவாக விழுந்தால்தான் நிழல்கள் சேறு மாதிரிப் பச்சையும் பழுப்புமாகி, கிரெய்ன் எழும்பி நிற்கும். ஃபிளாஷும் 400 போட்டால் கொஞ்சம் தூரம் எட்டும்.

பேட்டரிக் கதவைத் திறந்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஃபிளாஷ் கேமராக்கள் போவது பெரும்பாலும் அங்கேதான்.

மழைக்காலம்

பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. மிக்க நன்றி. ஃபூஜி 400 என்று ஒன்று கொஞ்சம் குறைந்த விலைக்குத் தெரிகிறதே, வாங்கலாமா?

கறுப்புப்பெட்டி

பெட்டியின் பின்னால் தயாரிப்பு நாடு அமெரிக்கா என்று இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அமெரிக்கத் தயாரிப்பாக வரும் ஃபூஜிஃபிலிம் 200, 400 இரண்டின் தொழில்நுட்பக் குறிப்புகளும் கோடாக் கோல்டு, அல்ட்ராமேக்ஸ் குறிப்புகளோடு ஒத்துப்போகின்றன. ஜப்பானில் செய்த பழைய சி200-இன் அந்தக் குளிர்ந்த பச்சை இதில் கிடைக்காது. அந்த நிறத்துக்காகத் தேடுபவர்கள் ஏமாற வேண்டாம். விலை குறைந்த பெட்டி எதுவோ அதை எடுங்கள்.

இன்னும் சில புதுப் பெயர்கள் வந்திருக்கின்றன. ஈஸ்ட்மன் கோடாக் 2025 அக்டோபரில் கோடாகலர் 100, 200 என்று இரண்டை நேரடியாக விற்க ஆரம்பித்தது. இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம் 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் 200 கொண்டுவந்தது. ஃபீனிக்ஸ் கான்ட்ராஸ்ட் மிகுந்த ஃபிலிம், நெகட்டிவில் வழக்கமாக இருக்கும் ஆரஞ்சு அடிநிறம் இல்லாதது. விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு ஒளிவட்டம் படரும். அந்தத் தோற்றம் பிடித்தவர்களுக்கு நல்லது. வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு நான் அதைப் போட மாட்டேன்.

நீலமலை

எக்ஸ்பைரி ஆன ரோல்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. பழைய ஸ்டுடியோக்களில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்தால் போதும் என்கிறார்கள்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலத்தில் வளர்ந்தவன் நான். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்துதான் நாடு முழுக்கப் போயின. அந்தப் பெட்டிகளை இன்றும் எங்காவது பார்த்தால் வாங்கிவிடுவேன். படம் வருகிறதோ இல்லையோ, எங்கள் ஊர்ச் சரக்கு.

பழைய_மினிலேப்

இந்து பெட்டியைப் பாதுகாத்து வையுங்கள் சார், அது வேறு பாசம். கறுப்பு வெள்ளை ஓரளவு காலம் தாங்கவும் செய்யும்.

கலர் அப்படி இல்லை. அதில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி அடுக்கு. வெயிலில் வெந்து கிடந்தால் மூன்றும் ஒரே வேகத்தில் கெடாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அப்புறம் எவ்வளவு சரிசெய்தாலும் வெளிச்சப் பகுதி ஒரு நிறம், நிழல் ஒரு நிறம் என்று நிற்கும். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் என்பது குளிர்ச்சியாக வைத்திருந்த ஃபிலிமுக்கு உதவலாம். ஓட்டுக் கூரைக்குக் கீழே இருபது கோடை பார்த்த பெட்டிக்கு எந்தக் கணக்கும் உதவாது. விளையாட்டாக எடுங்கள், பரவாயில்லை. திரும்ப நடக்காத நிகழ்ச்சிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

புது ரோலை வாங்கியதும் பிரிட்ஜில், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்த உடனே திறக்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஃபிலிம் மேல் வியர்த்துவிடும். எடுத்து முடித்த ரோலைக் கேமராவுக்குள்ளேயே மாதக்கணக்கில் விடாதீர்கள். பதிந்த படம் கழுவும்வரை மெல்ல மெல்ல மங்கிக்கொண்டேதான் இருக்கும்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. கோல்டு 200 வாங்கி ஒரு ரோல் முடித்துவிட்டேன். பக்கத்தில் கிடைத்த ஒரு லேபில் கொடுத்தேன். ஸ்கேன் வந்திருக்கிறது, மனது சரியில்லை. எல்லாப் படமும் சோர்ந்து, பச்சை அடித்து, சக்தியே இல்லாமல் இருக்கிறது. நல்ல வெயிலில் எடுத்தவைகூட அப்படித்தான். கறுப்புப்பெட்டி அண்ணா சொன்னபடி ஐஎஸ்ஓவை 100-இல் வைத்துத்தான் எடுத்தேன், தனிமடலில் சொன்னாரே, அந்தக் கணக்கு. ஃபிலிமை மாற்றிவிடலாமா?

கறுப்புப்பெட்டி

மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அந்தக் கணக்கை இங்கேயே எழுதிவிடுகிறேன். 200 ஃபிலிமைப் போட்டுக் கேமராவில் 100 என்று வைத்தால் எல்லாப் படத்துக்கும் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும். லேபில் எதுவும் சொல்ல வேண்டாம், வழக்கம்போல் கழுவினால் போதும். கே1000-இன் மீட்டர் படம் முழுவதையும் சராசரி பார்க்கும். வெள்ளை வேட்டியோ வானமோ நிறைய இடம் பிடித்துக்கொண்டால் மீட்டர் அதை நம்பி வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். அந்த ஒரு ஸ்டாப் அதற்கான காப்பு.

அப்படி எடுத்தும் சோர்வாக வருகிறது என்றால் ஃபிலிமைச் சந்தேகிக்க அவசரப்படாதீர்கள். நெகட்டிவ் கையில் இருக்கிறதா?

பழைய_மினிலேப்

தம்பி, நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். படத்தைப் பார்க்காதீர்கள். ஓரத்தைப் பாருங்கள். துளைகளுக்குப் பக்கத்தில் ஃபிலிம் பெயரும் படங்களின் எண்களும் இருக்கும். அவை ஃபேக்டரியிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஓர எழுத்து நன்றாகக் கெட்டியாக இருந்து படங்கள் மட்டும் மெலிந்திருந்தால், எடுத்ததில் வெளிச்சம் போதவில்லை. ஓர எழுத்தும் மெலிந்து மங்கியிருந்தால், கழுவியதில் கோளாறு. ஓர எழுத்து கெட்டியாக இருந்து படமே இல்லை என்றால் ஃபிலிம் உள்ளே ஓடவே இல்லை. ஒன்றுமே இல்லாமல் முழுக்க வெறுமையாக இருந்தால் டெவலப்பரே வேலை செய்யவில்லை.

வைகைக்கரை

ஓர எழுத்தும் மங்கலாகத்தான் இருக்கிறது அண்ணா. எண்ணைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது.

பழைய_மினிலேப்

அப்படியானால் ஃபிலிம் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை. மருந்து களைத்துப்போயிருக்கிறது.

சி-41 டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 வினாடி ஓட வேண்டும். சூடு அரை டிகிரி தவறினாலே நிறம் நகரும். மெஷினில் ஒவ்வொரு ரோல் போகும்போதும் புது மருந்து கொஞ்சம் உள்ளே வரும். தினம் பல ரோல் ஓடினால் மருந்து தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ரெண்டு ரோல் மட்டும் ஓடும் இடத்தில் மருந்து சும்மா நின்று காற்றுப்பட்டுச் செத்துவிடும். அந்த லேப்காரரும் பாவம், வரத்து இல்லாமல் என்ன செய்வார்? ஆனால் உங்கள் படம் போனது போனதுதான்.

நிறைய ரோல் ஓடும் லேபாகப் பாருங்கள், ஊர் தள்ளி இருந்தாலும் சரி. மூன்று நாலு ரோலைச் சேர்த்துக் கூரியரில் அனுப்பினால் செலவு பங்காகிவிடும். சேரும்வரை பிரிட்ஜில் வையுங்கள். கலர்பிளஸுக்கும் கோல்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம். நல்ல மருந்துக்கும் செத்த மருந்துக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஸ்கேனும் அப்படித்தான். ஒரே நெகட்டிவை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு ஃபிலிமில் எடுத்த மாதிரி வரும். மெஷினில் நிறம் திருகுகிற ஆள் கையில் அவ்வளவு இருக்கிறது. பெரிய ஸ்கேனுக்கும் பணம் கொட்ட வேண்டாம். 3000க்கு 2000 புள்ளி இருந்தால் 8க்கு 12 அங்குல பிரிண்ட் வரை தாராளமாகப் போடலாம்.

பினாங்கு_தமிழன்

அண்ணா சொன்ன ஓர எழுத்துச் சோதனையை என் நெகட்டிவ்களில் இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பல வருடச் சந்தேகம் தீர்ந்தது. நன்றி.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் எடுக்கும் ஹாஃப் ஃபிரேம் கேமராவில் 36 படச் சுருளில் 72 படம் எடுக்கலாம். பழைய ஒலிம்பஸ் பென் இருந்தால் நல்லது. 2022-இல் வந்த கோடாக் எக்டார் எச்35 பிளாஸ்டிக் கேமரா மலிவு, 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17 விலை அதிகம். நெகட்டிவ் பாதி அளவு என்பதால் கிரெய்ன் பெரிதாகத் தெரியும், ஆகவே அதில் 100, 200 ஃபிலிமே நல்லது. சில லேபில் ஸ்கேனுக்கு இரட்டிப்புக் கூலி கேட்பார்கள். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை

அடுத்த ரோலும் கோல்டு 200தான், அதே 100 கணக்கு. கழுவ மட்டும் சென்னைக்கு அனுப்பினேன். இன்று வந்தது. தெற்குமாசி வீதியில் பூக்கட்டும் ஓர் அம்மாவை எடுத்திருந்தேன். சாமந்தி மஞ்சளும் அவர் கை நிறமும் நேரில் பார்த்தபடி இருக்கின்றன, விரலிடுக்கில் நார் இழை வரை தெரிகிறது. ஓர எழுத்தும் கெட்டியாக இருக்கிறது, முதலில் அதைத்தான் பார்த்தேன்.

சித்திரைத் திருவிழா வருகிறது. இரவு ஊர்வலத்துக்கு எதைப் போடுவது?

கறுப்புப்பெட்டி

அங்கே அல்ட்ராமேக்ஸ் 400. உங்கள் லென்ஸை முழுக்க எஃப்/2-க்குத் திறந்து 1/60 வைத்தால் விளக்கு நிறைந்த வீதியில் முகம் கிடைக்கும். மஞ்சள் பல்பு அருகே எல்லாம் ஆரஞ்சாக வரும், ஸ்கேனில் ஓரளவு குறைக்கச் சொல்லலாம். நான் குறைக்க மாட்டேன், அந்த நேரத்து நிறமே அதுதான். மீட்டர் முள் விளக்கைப் பார்த்து ஏமாறாதபடி, பக்கத்தில் நிற்பவர் முகத்தருகே கேமராவைக் கொண்டுபோய் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று பகலுக்கு ஒரு கோல்டு தனியாக இருக்கட்டும்.

அப்புறம், கே1000-இல் மீட்டரை அணைக்கச் சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் அது உறங்கும். ஊர்வலத்துக்கு நடுவில் பேட்டரி போகாமல் இருக்க மூடியைப் போட்டே வையுங்கள், பையில் ஒரு எல்ஆர்44 பேட்டரி கூடுதலாக.

பழைய_மினிலேப்

ஃபிலிம் மாட்டியதும் ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பாருங்கள் தம்பி. சுற்றினால் ஃபிலிம் ஓடுகிறது. கூட்டத்தில் மாட்டும்போது இதைத்தான் விட்டுவிடுவார்கள்.